99ம் கட்டையும் ஒரு நீலப் புள்ளியும்

கொழும்பில இருந்து தம்பலகாமத்துக்கு முதல் தரம் வாற கூட்டாளிக்கு நாங்க வழி சொல்லுறது ஒரு இலக்கத்தாலதான். "கண்டி றோட்டால வா. 99ம் கட்டையில இறங்கு." பஸ் கொண்டக்டருக்கும் அது போதும். 96ம் கட்டை எண்டாலும் அப்பிடித்தான். இலக்கத்தைச் சொன்னா ஊர் தெரியும். கட்டை எண்டா மைல்கல். நாடு மைலை விட்டு கிலோமீற்றருக்கு மாறி எவ்வளவோ காலம் போயிட்டுது. எங்கட வாயில மட்டும் மைல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கு.

யோசிச்சுப் பார்த்தா இந்தக் கட்டைக் கணக்கு ஒரு நல்ல தொழில்நுட்பம். தொடங்கும் இடம் ஒன்று, தெரிந்த பாதை ஒன்று, நடுவில் அளந்த தூரம். இந்த மூன்றும் இருந்தால் ஒரே ஒரு எண் உங்களை ஊருக்குக் கொண்டுவந்து விடும். ஆனால் அது றோட்டை விட்டு இறங்காது. கட்டையிலிருந்து உள்ளுக்குப் போய், வாய்க்கால் கடந்து, வரம்பில் நடந்து, வயல் வாடிக்குப் போனால் அங்கே இலக்கம் இல்லை. குடாவுக்குள் தோணியில் போனாலும் இல்லை.

இரவு காவலுக்குப் போன ஒருவரைப் பாம்பு கடிச்சிட்டுது எண்டு வைப்பம். பக்கத்தில இருக்கிற பெடியன் 1990க்கு அடிக்கிறான். மறுபக்கத்தில் முதலில் கேட்கப்படுவது, "எங்க நிக்கிறீங்க?" அவன் சொல்லக்கூடியது: "பெரிய வாய்க்கால் தாண்டி, மருதமரத்துக்குக் கிழக்கால." அந்த மருதமரத்தை எங்கட ஊரில எல்லாருக்கும் தெரியும். கொழும்புப் பக்கமிருந்து கோல் எடுக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

அதே நேரம், அவன் காதில் வைத்திருக்கும் போனுக்கு அந்த இடம் சில மீற்றர் சுத்தமாகத் தெரியும். மப்பைத் திறந்தால் நீலப் புள்ளியாக நிற்கும். இந்தக் கட்டுரை அந்தப் புள்ளி போனுக்குள் வந்த வரலாறு. "நான் எங்கே நிக்கிறன்?" என்பது ஒரு கேள்வி. "நீ எங்கே நிக்கிறாய்?" என்பது இன்னொரு கேள்வி. இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் முதலாவதுக்குப் பதில் கண்டுபிடிக்க நூற்றாண்டுகள் போயின. இரண்டாவதுக்கு இன்னும் முழுப் பதில் இல்லை.

செக்கன் தெரிந்தால் இடம் தெரியும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்த பாய்க்கப்பல்களுக்கும் இதே பிரச்சினைதான். நடுக்கடலில் கட்டை நட முடியாது. வடக்குத் தெற்குக் கணக்கு ஓரளவு சுகம். இரவில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்குதோ, ஏறக்குறைய அதுதான் உங்கட அகலாங்கு. எங்கட பக்கம் அது எட்டரைப் பாகை. அதனால்தான் இங்கே துருவ நட்சத்திரம் மரங்களுக்குப் பின்னால் ஒளிந்து கொள்ளும்.

கிழக்கு மேற்குத்தான் பிரச்சினை. பூமி ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகை சுழலுது. ஆகவே தெரிந்த ஓர் இடத்தின் நேரத்துக்கும் நீங்கள் நிற்கும் இடத்தின் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் நெட்டாங்கு. கப்பலில் இருக்கும் மணிக்கூடு ஒரு செக்கன் பிழைத்தால், எங்கட அகலாங்கில் இடம் 450 மீற்றருக்கு மேல் பிழைக்கும். ஒரு நிமிடம் பிழைத்தால் கப்பல் திருகோணமலைக்குப் பதிலாகப் பாறைக்குப் போகலாம்.

அதனால்தான் கிழக்கிந்தியக் கம்பனி 1792ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு வான் ஆய்வகத்தைக் கட்டியது. நட்சத்திர ஆராய்ச்சியோடு கப்பல் ஓட்டத்துக்கும் நில அளவைக்கும் சரியான நேரமும் சரியான நெட்டாங்கும் அதற்கு வேண்டியிருந்தது. தொலைநோக்கி ஆடாமல் நிற்கவென்று நிறுத்திய கருங்கல் தூணில் கல்வெட்டு இருக்கிறது. அதில் தமிழும் ஒரு மொழி. 1802ல் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் தொடங்கிய பெரிய முக்கோண அளவை, தன் நெட்டாங்குகளை அந்த ஆய்வகத்திலிருந்துதான் கணக்கிட்டது. இடத்தை அறிய வேண்டுமா, நேரத்தைச் சரியாக வை. இருநூறு வருசத்துக்குப் பிறகு வந்த ஜிபிஎஸ்ஸும் இந்த விதியை மாற்றவில்லை. மணிக்கூட்டைத்தான் மாற்றியது.

வானத்தில் நட்ட கட்டைகள்

1957 ஒக்டோபர் 4ம் திகதி சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடமொன்றில் கையர், வைஃபன்பாக் என்ற இரண்டு இளைஞர்கள் அதன் 'பீப்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரயில் கிட்ட வரும்போது ஹோர்ன் சத்தம் கூர்மையாகவும் விலகும்போது தடித்தும் கேட்கும் அல்லவா? அதே மாதிரி ஸ்புட்னிக்கின் அதிர்வெண்ணும் மாறியது. அந்த மாற்றத்தை வைத்தே செய்மதியின் பாதையைக் கணக்கிட்டார்கள். அடுத்த வருசம் அவர்களுடைய தலைவர் மக்லூர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். நாங்கள் நிற்கும் இடம் தெரிந்தால் செய்மதியைப் பிடிக்கலாம் என்றால், செய்மதியின் இடம் தெரிந்தால் எங்களைப் பிடிக்கலாம்தானே?

அப்படித்தான் 'ட்ரான்சிட்' வந்தது. அணு ஏவுகணை சுமந்த நீர்மூழ்கிகளுக்காக அமெரிக்கக் கடற்படை அதை 1964ல் பாவனைக்கு எடுத்தது. 1967ல் பொதுக் கப்பல்களுக்கும் திறந்தார்கள். குறை என்னவென்றால், தலைக்கு மேல் செய்மதி வரும் வரை காத்திருக்க வேண்டும். அவை துருவத்துக்குத் துருவம் ஓடுபவை. துருவங்களில் நெருங்கி வரும், மத்திய கோட்டுப் பக்கம் விலகிப் போகும். எங்களைப் போன்ற இடத்தில் ஒரு தரம் இடம் அறிய மணித்தியாலக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

1973ல் திட்டமிட்டு 1978ல் முதல் செய்மதி ஏவப்பட்ட ஜிபிஎஸ் அந்தக் காத்திருப்பை ஒழித்தது. ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் 24 செய்மதிகள். பூமியின் எந்த மூலையில் நின்றாலும் குறைந்தது நான்கு தெரியும்படி அடுக்கியவை. ஒவ்வொன்றுக்குள்ளும் அணுக்கடிகாரம். ஒவ்வொன்றும் ஓயாமல் சொல்வது இரண்டு விசயம்: "நான் இப்ப இங்க நிக்கிறன். இப்ப நேரம் இது."

உங்கள் கருவி அந்தச் சேதி வந்து சேர எடுத்த நேரத்தை அளக்கிறது. ஒளியின் வேகம் தெரியும், ஆகவே தூரம் தெரியும். ஒரு செய்மதியிலிருந்து இவ்வளவு தூரம், இன்னொன்றிலிருந்து இவ்வளவு தூரம் என்று மூன்று தூரம் கிடைத்தால் இடம் விழும். நாலாவது எதற்கு? உங்கள் கையில் இருக்கும் மலிவான மணிக்கூட்டின் பிழையைக் கண்டுபிடிக்க. இந்த ஒரு தந்திரம் இல்லாவிட்டால் எங்கள் ஒவ்வொருவர் பொக்கற்றிலும் அணுக்கடிகாரம் வேண்டியிருக்கும்.

பாய்க்கப்பல் காலத்தில் ஒரு செக்கன் பிழை 450 மீற்றர். இங்கே ஒரு செக்கனில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலே 300 மீற்றர். ஐன்ஸ்டைன் சொன்னபடி வேகத்தாலும் ஈர்ப்பு குறைவதாலும் மேலே இருக்கும் கடிகாரம் நாளொன்றுக்கு 38 மைக்ரோசெக்கன் முந்தும். அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் கணக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் ஓடிவிடும். அதாவது தம்பலகாமத்தில் நிற்கிற உங்களைச் சீனன்குடாப் பக்கம் நிற்பதாகக் காட்டும்.

முதுகுச் சுமையிலிருந்து உள்ளங்கைக்கு

கட்டைகளை வானத்தில் நட்டாச்சு. அவற்றை வாசிக்கும் கருவிதான் அடுத்த பிரச்சினை. 80களில் அமெரிக்க ராணுவச் சிப்பாய் முதுகில் சுமந்த ஜிபிஎஸ் பெட்டி 8 கிலோ அளவில் இருந்தது. அரிசிச் சாக்கோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். ஆனால் துவக்கும் தண்ணீரும் சுமக்கிறவனுக்கு அது பெரிய பாரம். 1989ல் மகெலன் கொம்பனி கையில் பிடிக்கக்கூடிய முதல் பொதுச் சந்தைக் கருவியை விற்றது. விலை ஏறக்குறைய 3,000 டொலர். பணக்காரப் படகோட்டிகளுக்கு மட்டும் கட்டுப்படியாகும் விலை.

இது ஏன் பொதுமக்களுக்கு வந்தது என்பதற்கும் ஒரு கதை இருக்கு. 1983 செப்டம்பர் 1ல் கொரியப் பயணிகள் விமானமொன்று பாதை தவறி சோவியத் வான்பரப்புக்குள் போனது. சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் செத்தார்கள். அதன் பிறகுதான் ஜிபிஎஸ் தயாரானதும் உலகத்துக்கே இலவசமாகக் கிடைக்கும் என்று அமெரிக்கா அறிவித்தது. ஆனால் கொடுத்த கையாலேயே கொஞ்சம் பறித்தது. பொதுச் சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்தார்கள். அதனால் 100 மீற்றர் அளவுக்கு இடம் ஆடும். 100 மீற்றர் என்றால் வாய்க்காலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல முடியாது.

1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படைக்கே ராணுவக் கருவிகள் போதவில்லை. கடைக் கருவிகளை வாங்கிக் கொடுத்தார்கள். தங்கள் சிப்பாய்களே அவற்றைப் பாவிப்பதால் கலந்த பிழையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வந்தது. தாங்கள் வைத்த பொறியில் தாங்களே விழுந்த கதை. கடைசியில் 2000ம் ஆண்டு மே முதலாம் திகதி இரவு அந்தப் பிழை முற்றாக நிறுத்தப்பட்டது. உலகம் முழுக்க இருந்த கருவிகள் அடுத்த நாள் விடியும்போது பலமடங்கு துல்லியமாகின. ஒருவரும் புதுக் கருவி வாங்கவில்லை.

போனுக்குள் புகுந்தது ஆம்புலன்சுக்காக

போனில் ஜிபிஎஸ் வந்தது உணவு ஓடர் பண்ணவும் ஓட்டோ பிடிக்கவும் என்று நினைக்கிறோம். உண்மை வேறு. 90களில் அமெரிக்காவில் கைத்தொலைபேசி பரவத் தொடங்கியதும் அவசர அழைப்பு நிலையங்கள் திணறின. வீட்டுப் போனிலிருந்து கோல் வந்தால் விலாசம் தெரியும். கைத்தொலைபேசியிலிருந்து வந்தால் ஒன்றும் தெரியாது. மயங்கி விழுந்தவர் வாயால் விலாசம் சொல்ல முடியுமா? 1996ல் அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம், அவசர அழைப்பு வரும் இடத்தைக் கொம்பனிகள் தெரிவிக்க வேண்டும் என்று விதி போட்டது. பிறகு அளவையும் இறுக்கியது. போனுக்குள்ளேயே இடம் கண்டுபிடிக்கும் முறையென்றால் மூன்றில் இரண்டு பங்கு அழைப்புகள் 50 மீற்றருக்குள் தெரிய வேண்டும்.

எங்கட வாடியில நிக்கிற பெடியனின் அதே பிரச்சினைதான். "நீ எங்கே நிக்கிறாய்?" என்ற கேள்விதான் ஜிபிஎஸ்ஸைப் போனுக்குள் தள்ளியது.

தள்ளுவது சும்மா இல்லை. செய்மதிச் சிக்னல் தரைக்கு வரும்போது சுற்றியுள்ள இரைச்சலுக்கும் கீழே அமிழ்ந்து கிடக்கும். கோயில் திருவிழாவில் லவுட்ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தேரடியில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது மாதிரி. அவர் முன்கூட்டியே தெரிந்த ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதால்தான் பிடிக்க முடிகிறது. கருவி அந்த வசனத்தைத் தானும் சொல்லிப் பார்த்து, எந்த நேரத்தில் இரண்டும் பொருந்துகிறது என்று தேடும். தேட வேண்டிய சேர்க்கைகள் ஏராளம்.

அதோடு செய்மதி பேசும் வேகம் செக்கனுக்கு 50 பிற்தான். தான் நிற்கும் இடத்தைச் சொல்லி முடிக்க அரை நிமிடம். எல்லாச் செய்மதிகளின் பொது அட்டவணையையும் சொல்லி முடிக்க பன்னிரண்டரை நிமிடம். நடுவில் சிக்னல் அறுந்தால் விட்ட பகுதி மறுபடி வரும் வரை காத்திருக்க வேண்டும். 1999ல் பின்லாந்தின் பெனஃபோன் கொம்பனி ஜிபிஎஸ் உள்ள போனை விற்றது. பற்றரியும் பொறுமையும் உள்ளவர்களுக்கான போன் அது.

வழி திறந்தது ஸ்னப்ட்ராக் என்ற சின்னக் கொம்பனி. செய்மதி மெதுவாகச் சொல்வதை ஏன் போன் நேரடியாகக் கேட்க வேண்டும்? தொலைபேசி வலையமைப்பே ஏற்கெனவே கேட்டு வைத்துக்கொண்டு, ஒரு நொடியில் போனுக்குச் சொல்லிவிடலாமே. கோபுரம் எங்கே இருக்கிறது என்பது தெரிவதால் எந்தச் செய்மதியை எந்தப் பக்கம் தேடுவது என்றும் சொல்லலாம். பரீட்சைக்கு முதல் நாள் அண்ணாவின் நோட்ஸ் கிடைத்த மாதிரி. இதுதான் உதவி பெறும் ஜிபிஎஸ், ஏ-ஜிபிஎஸ். 2000ல் குவால்கொம் அந்தக் கொம்பனியை 100 கோடி டொலர் பெறுமதிக்கு வாங்கியது.

இரண்டாவது வழி சிப்புக்குள். பழைய கருவி சேர்க்கைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடியது. 2004ல் வந்த சேர்ஃப்ஸ்டார் 3 என்ற சிப் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகளை ஒரே நேரத்தில் ஒப்பிட்டது. வயலில் விழுந்த சாவியை ஒருத்தன் தேடுவதற்கும் ஊரே வரிசையாக இறங்கித் தேடுவதற்கும் உள்ள வித்தியாசம். மரத்தடியிலும் ஜன்னலோரத்திலும் கூட இடம் விழத் தொடங்கியது.

2007ல் வந்த நோக்கியா என்95 எங்கட அண்ணாமார் காலத்துக் கனவுப் போன். அதில் ஜிபிஎஸ் இருந்தது. ஆனால் முதல் புள்ளி விழ நிமிடக் கணக்கில் வெளியில் நிற்க வேண்டியிருந்தது. பிறகு வந்த மென்பொருள் மாற்றம் ஏ-ஜிபிஎஸ்ஸைச் சேர்த்ததும் அதே போன் வேகமாகியது. முதல் ஐபோனில் ஜிபிஎஸ்ஸே இல்லை. 2008ல் வந்த இரண்டாவதில்தான் வந்தது. அதற்குப் பிறகு அது போனில் இருப்பதை ஒருவரும் விளம்பரப்படுத்தவில்லை. கமரா மாதிரி, இருக்கத்தான் வேண்டும் என்றாகிவிட்டது.

எங்கட தலைக்கு மேல

இன்று உங்கள் போன் அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸை மட்டும் கேட்பதில்லை. ரஷ்யாவின் குளோனாஸ் 2011ல் மறுபடி 24 செய்மதிகளோடு முழுமையானது. ஐரோப்பாவின் கலிலியோ 2016ல் சேவை தொடங்கியது. சீனாவின் பெய்டூ 2020ல் உலகம் முழுவதையும் மூடியது. கட்டை கூடக் கூட கணக்கு உறுதியாகும். ஒரு பக்கம் மரம் மறைத்தாலும் மறுபக்கம் ஒன்று தெரியும்.

இன்னொன்று எங்களுக்கு மிகக் கிட்ட இருக்கு. இந்தியாவின் நாவிக். இந்தியாவையும் அதைச் சுற்றி 1,500 கிலோமீற்றரையும் மூடுவதற்காகக் கட்டியது. இலங்கை முழுவதும் அதற்குள் அடங்கும். முதல் செய்மதி 2013 ஜூலையில் போனது. அதன் கதையிலும் வில்லன் மணிக்கூடுதான். வெளிநாட்டிலிருந்து வாங்கிப் பொருத்திய அணுக்கடிகாரங்கள் முதல் செய்மதியில் மூன்றும் நின்றுபோயின. மாற்றாக 2017ல் அனுப்பியது வெப்பக் கவசம் பிரியாமல் வீணானது. 2023 மே மாதம் போன என்விஎஸ்-01ல்தான் இந்தியாவிலேயே செய்த ருபீடியம் கடிகாரம் போனது.

அந்தச் செய்மதியில் இன்னொரு மாற்றமும் இருக்கு. மலிவுப் போன்களின் சிப்புகள் பெரும்பாலும் எல்1 என்ற ஒரே அலைவரிசையைத்தான் கேட்கும். நாவிக் முதலில் அதில் பேசவே இல்லை. 2020ல் இருந்து சில போன்கள் அதைப் பிடித்தாலும் எல்லாருக்கும் எட்டவில்லை. என்விஎஸ்-01 எல்1லும் பேசுகிறது. செய்மதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சனத்தின் கையில் இருக்கும் போனின் மொழியில் பேசாவிட்டால் பயன் இல்லை என்பது அவர்கள் படித்த பாடம்.

எங்கட இடத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கு. 1963ல் இந்தியா தன் முதல் றொக்கற்றை கேரளாவின் தும்பாவிலிருந்து ஏவியது. காரணம், பூமியின் காந்த நடுக்கோடு அதற்குக் கிட்டப் போகிறது. மப்பை விரித்துப் பாருங்கள். தும்பாவும் தம்பலகாமமும் ஏறக்குறைய ஒரே அகலாங்கு. இந்தக் கோட்டுக்கு அண்டிய வானத்தில் அயனமண்டலம் அமைதியாக இருக்காது. சூரியன் மறைந்த பிறகு சில மணித்தியாலம் குமிழி குமிழியாகக் குழம்பும். அதைக் கடந்து வரும் செய்மதிச் சிக்னல் தாமதிக்கும், சில நேரம் துடிக்கும். ஒற்றை அலைவரிசைப் போன், செய்மதி அனுப்பும் ஒரு பொதுச் சூத்திரத்தை வைத்துத்தான் இதைத் திருத்தப் பார்க்கும். அது பிழையின் ஏறக்குறைய பாதியைத்தான் கழிக்கும்.

இதற்கு மருந்து இரண்டாவது அலைவரிசை. அயனமண்டலம் இரண்டு அலைவரிசைகளை இரண்டு விதமாகத் தாமதப்படுத்தும். இரண்டையும் கேட்டு வித்தியாசத்தைப் பார்த்தால் எவ்வளவு தாமதம் என்று போனே கணக்கிடலாம். இது நீண்ட காலம் விலை கூடிய நில அளவைக் கருவிகளின் சொத்து. 2017ல் ப்ரோட்கொம் போனுக்கான இரட்டை அலைவரிசைச் சிப்பை அறிவித்தது. அடுத்த வருசம் சியோமி மி 8 அதோடு கடைக்கு வந்தது. புதிய எல்5 சிக்னலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சுவரிலும் தகரக் கூரையிலும் பட்டுத் தெறித்து வரும் சிக்னலை நேரே வருவதிலிருந்து பிரித்துப் பார்க்க அது உதவும். அடுத்த முறை போன் வாங்கும்போது கமராவின் மெகாபிக்சலோடு இதையும் பாருங்கள்.

கேட்கும், பேசாது

ஜிபிஎஸ் பற்றி எங்களுக்குள் இரண்டு பிழையான நம்பிக்கைகள் இருக்கு. ஒன்று, டேட்டா இல்லாவிட்டால் அது வேலை செய்யாது என்பது. செய்யும். சிம் இல்லாவிட்டாலும் செய்யும். வலையமைப்பின் உதவி இல்லாததால் முதல் புள்ளி விழக் கொஞ்சம் சுணங்கும், அவ்வளவுதான். திறந்த வெளியில் ஓரிரு நிமிடம் பொறுமையாகப் பிடியுங்கள். வராமல் போவது மப்பின் படம் மட்டும். அதை முன்கூட்டியே இறக்கி வைத்தால் அதுவும் இருக்கும்.

இரண்டாவது பிழைதான் ஆபத்தானது. "போனில ஜிபிஎஸ் இருக்குத்தானே, எங்க போனாலும் கண்டுபிடிச்சிடுவாங்க." இல்லை. அது காது, வாய் இல்லை. செய்மதி பேசும், போன் கேட்கும். போன் செய்மதிக்கு ஒன்றும் திருப்பிச் சொல்வதில்லை. உங்கள் புள்ளி இன்னொருவருக்குப் போக வேண்டுமென்றால் கோபுரம் வேண்டும், கவரேஜ் வேண்டும். கொட்டியாரக் குடாவைத் தாண்டி ஆழத்துக்குப் போன படகுக்குத் தான் எங்கே நிற்கிறது என்று மீற்றர் கணக்கில் தெரியும். கரையில் இருக்கும் பெண்சாதி பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது.

இதை மிகக் கொடூரமாகக் கற்றது கன்னியாகுமரிக் கரை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது நாட்கணக்கில் ஆழ்கடலில் நின்ற படகுகளுக்குப் பலவற்றுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பலர் திரும்பவே இல்லை. அவர்களுக்கு இடம் தெரியாமல் இல்லை. சேதிதான் போகவில்லை. அதற்குப் பிறகுதான் இஸ்ரோ நாவிக் செய்மதி வழியாகவே புயல் எச்சரிக்கையைப் படகுக்கு அனுப்பும் சின்னக் கருவிகளைக் கொடுத்தது. கருவி சேதியை வாங்கி, மீனவரின் போனுக்குத் தள்ளும். அதுவும் ஒரு வழிப்பாதைதான். ஆபத்தில் இருப்பவர் குரல் கொடுக்கவும், "கேட்டுது, வாறம்" என்ற பதில் அவருக்குத் திரும்பி வரவும் கூடிய இரண்டாம் தலைமுறைக் கருவி 2024ல்தான் வந்தது.

எங்கட நாட்டிலும் ஆழ்கடல் படகுகள் தங்கள் இடத்தைச் செய்மதி வழியாகக் கரைக்கு அறிவிக்கும் கருவியைப் பூட்டியிருக்கின்றன. அதற்கு உந்தியது மீனவரின் உயிரைவிடச் சந்தை. கண்காணிப்பு போதாதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. கருவிகள் பூட்டி, சட்டம் திருத்திய பிறகு 2016 நடுவில் தடை நீங்கியது. காரணம் எதுவானாலும் படகு எங்கே நிற்குது என்று கரைக்குத் தெரிகிறது. ஆனால் குடாவிலும் கரையோரத்திலும் தொழில் செய்யும் சின்னத் தோணிக்கு அந்தச் சட்டம் இல்லை, அந்தக் கருவியும் இல்லை. அவர்களுக்கு இருப்பது இப்பவும் போனும், கரையில் தெரியும் மலையையும் மரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கும் கண்ணும்தான்.

புள்ளிக்குப் பெயர் வைக்க வேண்டியது யார்?

1990 சேவை 2016ல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுக்கப் பரவியது. அம்புலன்ஸ் வருகிறது. அதற்கு வழி சொல்ல வேண்டியது நாங்கள். எங்கட ஊரின் பெயரே மப்பில் தேடும்போது ஒரு பெயர் இல்லை. தம்பலகாமம், தம்பலகமுவ என்று இரண்டு. ஆங்கில எழுத்தில் அதை எழுதும் விதமோ பல. 99ம் கட்டையை வெளியூர்க்காரர் எப்படித் தேடுவார்? மருதமரம், வாய்க்கால் மதகு, ஒவ்வொரு வயல் வெளிக்கும் எங்கட ஆட்கள் பரம்பரையாகச் சொல்லிவரும் பெயர், இதொன்றும் செய்மதிக்குத் தெரியாது. செய்மதி தருவது இரண்டு எண் மட்டும்: 8 பாகை சொச்சம் வடக்கு, 81 பாகை சொச்சம் கிழக்கு. அந்த எண்ணுக்கு ஊரின் பெயரைக் கட்டுவது மனிசர் வேலை. அதை வெளியில் இருந்து ஒருவர் வந்து செய்தால் அவர் கேட்ட மாதிரி எழுதுவார், அவருக்கு முக்கியமானதை மட்டும் போடுவார்.

நாங்கள் செய்யலாம். ஓப்பன் ஸ்ட்ரீட் மப் என்ற திறந்த வரைபடத்தில் யாரும் கணக்குத் திறந்து தங்கள் ஊரின் பாதை, வாய்க்கால், பெயர்களைத் தமிழிலேயே சேர்க்கலாம். அதற்கு வேண்டியது எங்களிடம் இருக்கும் போனும் ஊரைத் தெரிந்த ஒரு பெரியவரும்தான். வரம்பில் அவரோடு ஒரு பின்னேரம் நடந்தால் ஒரு வெளி முடிந்துவிடும்.

அதற்கு முதல் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. மப்பைத் திறந்து நீலப் புள்ளியில் விரலை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு எண் வரும். புள்ளிக்குப் பின்னால் ஐந்து இலக்கம் வரை வாசித்தால் அது ஒரு மீற்றர் அளவுக்கு உங்கள் இடம். அதை வாசித்துச் சொல்லவும் மெசேஜில் அனுப்பவும் வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் ஒருக்கா காட்டிக் கொடுங்கள், அம்மம்மாவுக்கும் சேர்த்து. வயல் வாடியின் எண்ணை ஒரு கடதாசியில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். அப்போது இரவில் 1990க்கு அடிக்கிற பெடியன் இப்படிச் சொல்லலாம்: "99ம் கட்டையில திரும்புங்க. அதுக்குப் பிறகு நான் சொல்லுற நம்பரை எழுதுங்க. நான் வாய்க்கால் பாலத்தடியில டோர்ச் அடிச்சுக்கொண்டு நிப்பன்."